அப்பாவின் வெற்று மார்பு: நிறம் ஏன் சேறாகிறது?

கரிக்கட்டை, சுங்கை சிப்புட் | சனி இரவு 10.15

ஏழு மாதமாக இங்கே வாசகனாக மட்டும் இருந்தேன். இப்போது மாட்டிக்கொண்டேன், அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவை வரைந்துகொண்டிருக்கிறேன். வயது 71. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் 38 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபின் லயத்து வரிசை வீட்டைக் காலி செய்துவிட்டு, பட்டண ஓரத்து மலிவுவிலை வீட்டுக்கு வந்துவிட்டோம். மாலை நான்கு மணிக்குக் குளித்துவிட்டு, கைலியோடு, சட்டை போடாமல், வாசலுக்கு நேரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். வெளிச்சம் இடத்தோளில் விழுந்து வயிறு வரை வழியும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் பிடிக்கப் பார்க்கிறேன்.

எனக்குப் பிடித்தது தூரிகைத் தடம் மறையாத யதார்த்தம். கிட்டே போனால் சாயத் திட்டு, நாலடி தள்ளி நின்றால் ஆள். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய பலகையில் எண்ணெய்ச் சாயம் கொண்டு இதுவரை ஆறு படம். ஆறும் பாழ்.

முதல் கோளாறு நிறம். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் பெயரால் சொல்லப்படும் நான்கு நிறங்களோடு தொடங்கினேன்: மஞ்சள் காவி, வெர்மிலியன் சிவப்பு, எலும்புக் கறுப்பு, வெள்ளை. முகம் எப்படியோ தேறிவிடுகிறது. மார்புக்கு வந்ததும் திருநீற்றைக் குழைத்து அப்பியதுபோல் ஆகிவிடுகிறது. சரிசெய்யப் போனால் சேறு.

இரண்டாவது, முதல் நாள் துணிந்து போட்ட தூரிகை வீச்சையெல்லாம் மூன்றாம் நாளுக்குள் நானே தடவித் தடவி வழவழப்பாக்கிவிடுகிறேன். கடைசியில் அடையாள அட்டைப் படம் மாதிரி நிற்கிறது.

மூன்றாவது அம்மா. "வருகிறவர்கள் பார்த்தால், அந்த மனுஷனுக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுக்க ஆளில்லையா என்று கேட்கமாட்டார்களா?" என்கிறார். இதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.


பழைய பேனர்காரன், ஈப்போ | சனி இரவு 11.02

தம்பி, நான் சினிமா பேனர் எழுதியவன். அச்சு பேனர் வந்து எங்கள் பிழைப்பை முடித்துவைக்கும் வரை அதுதான் தொழில். கதாநாயகன் முகம் மட்டும் எட்டடி. சின்னப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, துணியில் அதே கட்டத்தைப் பெரிதாக்கி, சாரத்தில் ஏறி நின்று எழுதுவோம். சாரத்தில் நிற்கிறவனுக்கு மூக்கு எது, கன்னம் எது என்று தெரியாது. கண்ணெதிரே ஒரு பழுப்புத் திட்டும் ஒரு மஞ்சள் திட்டும்தான் இருக்கும். கீழே இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்க்கடையில் ஒரு கோப்பி சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆள் சிரித்துக்கொண்டிருப்பார். சிரிக்கவில்லை என்றால் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு மறுபடியும் ஏற வேண்டும்.

உங்கள் இரண்டாவது கோளாறுக்கு மருந்து அதுதான். நடங்கள். ஒரு வீச்சு போட்டதும் எழுந்து, பின்கட்டு வரை போய்த் திரும்பிப் பாருங்கள். உட்கார்ந்தபடியே வரைகிறவன் தடவத்தான் செய்வான். சின்னத் தூரிகைகளை அம்மாவிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். தலைக்கு ஓர் அங்குலத் தட்டைத் தூரிகை, உடம்புக்கு இரண்டு அங்குலம், போதும்.

நிறத்தைப்பற்றி நான் வாய் திறக்கக்கூடாது. எங்கள் காலத்தில் கதாநாயகன் எந்த நிறத்தில் இருந்தாலும் துணியில் ரோஜா நிறம்தான். ஒருமுறை ஒருவரை உள்ளபடியே கறுப்பாக எழுதிவிட்டேன். படம் மறுநாள் காலைக் காட்சி. முதலாளி இரவோடு இரவாக மாற்றச் சொன்னார். இரண்டு வாளி வெள்ளை கரைத்தோம்.


தைப்பிங் மழை | ஞாயிறு காலை 8.30

ஐயா சொன்ன அந்த இரண்டு வாளி வெள்ளைதான் தம்பியின் மார்பிலும் கிடக்கிறது.

சோர்னைக் குறை சொல்லவில்லை. கறுப்போடு வெள்ளை சேர்த்தால் வரும் சாம்பல், சிவப்புக்கும் காவிக்கும் பக்கத்தில் நீலமாகத் தெரியும். அந்தத் தந்திரத்தில்தான் அவர் நீலமே இல்லாமல் சமாளித்தார். கடலோ துணியோ கேட்டபோது வேறு நிறங்களையும் எடுத்திருக்கிறார். ஆனால் அவர் முன்னால் இருந்தது வடதேசத்துத் தோல். அங்கே வெளிச்சம் கூடக் கூட வெள்ளை சேர்த்துக்கொண்டே போகலாம். நம் தோலில் அப்படிச் செய்தால் சாம்பல் பூத்துவிடும். டைட்டானியம் வெள்ளைக்கு மூடும் சக்தி அதிகம். நுனித் தூரிகை அளவு போதும், ஒரு குவியல் பழுப்பைச் சாகடிக்க.

இன்று மாலை சாயத்தைத் தொடாமல் அப்பாவின் தோளை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். நிழல் பக்கம் நீங்கள் நினைப்பதைவிட ஆழமாக இருக்கும். அங்கே வெள்ளையே வேண்டாம். சுட்ட அம்பர் என்ற கரும்பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் மெல்லியதாக, பலகை லேசாகத் தெரியும்படி விடுங்கள். நிழலைவிட்டு வெளிச்சத்துக்குள் திரும்பும் ஓரத்தில்தான் தோல் மிகவும் கொழுத்த நிறத்தில் இருக்கும். அங்கே சுட்ட சியன்னா என்ற செம்பழுப்பு, கொஞ்சம் சிவப்பு. வெளிச்சம் முழுதாக விழும் இடத்தில் காவி கூடும், நிறம் சற்று வற்றும். அதற்கும் மேலே, தோள்மூட்டில், ஒரு பளபளப்பு இருக்கிறது பாருங்கள். அது தோலின் நிறமே அல்ல. வாசலுக்கு வெளியே உள்ள வானம் எண்ணெய்த் தோலில் தெரிகிறது. மழைமேகம் என்றால் நீலச் சாம்பல். அங்கேதான் வெள்ளைக்கு வேலை, நீலம் ஒரு துளி கலந்து, கடைசியில், ஒரே வைப்பாக. வைத்தபின் தொடக்கூடாது.

தரை என்ன தரை? சிவப்பு சிமெண்டா? அப்படியானால் தாடைக்குக் கீழும், நாற்காலிப் பக்க வயிற்றிலும், முழங்கையின் அடியிலும் ஒரு செம்மை ஏறியிருக்கும். நிழலுக்குள் வெப்பம், வெளிச்சத்தில் குளிர்ச்சி. இதைத் தலைகீழாகப் போட்டால் எத்தனை நாள் கலக்கினாலும் சேறுதான்.

இன்னொன்று. 38 ஆண்டு சட்டை போட்டு வேலைசெய்தவருக்கு முகமும் முன்கையும் ஒரு நிறம், மார்பு இன்னொரு நிறம். முகத்துக்குக் கலந்ததையே மார்புக்கும் இழுத்திருப்பீர்கள். அதுவும் ஒரு காரணம்.

மாதிரி ஒன்று வேண்டுமானால் ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1650இல் ரோமில் வரைந்த ஹுவான் தெ பரேஹாவைப் பாருங்கள். பரேஹா அவருடைய அடிமையாக இருந்தவர், அவரே ஓர் ஓவியர். அதே ஆண்டு வெலாஸ்கெஸ் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். நெற்றியிலும் மூக்கிலும் இருக்கும் அந்த ஒளி வெள்ளையால் வந்தது என்று நினைப்பீர்கள். சுற்றிலும் இருப்பதை அடக்கிவைத்ததால் வந்தது. படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.


மூன்றாம் நிரை | ஞாயிறு நண்பகல் 12.40

ஆளாளுக்குத் தூரிகை, சாயம் என்கிறீர்கள். எலும்பை யாரும் கேட்கவில்லை.

தளர்ந்த தூரிகை நடை, தளர்ந்த தூரிகை நடை என்று சொல்லிக்கொண்டு கையைக் காலாகவும் காலைக் கட்டையாகவும் வரைகிறவர்களை இங்கே நிறையப் பார்த்துவிட்டேன். கேட்டால் உணர்ச்சி என்பார்கள். அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்டை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் 1874இல் பாரிஸில் ஓவியர் கரோலுஸ் துயுரானின் பட்டறையில் சேர்ந்து, நேரடியாகத் தூரிகையாலேயே உருவத்தைக் கட்டும் பயிற்சி பெற்றவர். பார்க்கிறவனுக்கு ஒரே மூச்சில் போட்டதுபோல் தோன்றும் முகங்களை அவர் திரும்பத் திரும்பச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் தொடங்கியிருக்கிறார். தடவிச் சரிசெய்யவில்லை, சுரண்டி எடுத்தார். தம்பி, உங்களிடம் சுரண்டு கத்தி இருக்கிறதா? பால்மரம் வெட்டியவர் வீட்டில் கத்திக்குப் பஞ்சமா?

ஒரு வாரம் சாயத்தை மூடிவையுங்கள். கரியால் அப்பாவைப் பத்து முறை வரையுங்கள். கழுத்துக்குழி எங்கே, காறையெலும்பின் இரண்டு முனைகள் எங்கே, விலாக்கூடு எங்கே முடிகிறது, இடுப்பெலும்பின் முனை கைலிக்கு மேல் எங்கே முட்டுகிறது. ஐந்தாறு புள்ளிகள்தாம். வயதான உடம்பில் தோல் தொங்கும், தசை வற்றும், எலும்பு தானாக முன்னால் வந்து நிற்கும். இளைஞனைவிட முதியவர் உடம்பு நமக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும். அந்தப் புள்ளிகள் சரியாக இருந்தால் மேலே எவ்வளவு வேண்டுமானாலும் வீசலாம்.


பழைய பேனர்காரன் | ஞாயிறு நண்பகல் 1.15

எலும்பு முழுவதும் தெரிந்தவர்கள் வரைந்த பிணங்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.


மூன்றாம் நிரை | ஞாயிறு நண்பகல் 1.22

பிணத்துக்காவது எத்தனை விலா என்று எண்ணலாம், ஐயா.


கூலிம்வாசி | ஞாயிறு மாலை 6.05

சண்டைக்கு நடுவே ஒரு சின்னக் கேள்வி. இந்த நடைக்குப் பன்றிமயிர்த் தூரிகைதான் சரி என்று எல்லாக் காணொளியிலும் சொல்கிறார்கள். நான் முஸ்லிம். 2017இல் கடைகளில் சோதனை நடந்ததிலிருந்து அந்தத் தூரிகைகளைத் தனியாக, பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். செயற்கை இழையில் அதே விறைப்பு கிடைக்குமா?


தைப்பிங் மழை | ஞாயிறு மாலை 6.40

கிடைக்கும். எண்ணெய்ச் சாயத்துக்கென்று விறைப்பாகச் செய்த செயற்கை இழையை வாங்குங்கள். நீர்வண்ணத்துக்கான மென்மையான வகை வேண்டாம், சாயத்தைத் தூக்காது. என் மாணவர்கள் எல்லோரும் அதில்தான் வரைகிறார்கள். கழுவியபின் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். நம் ஊர் ஈரத்தில் வேர்ப்பக்கம் தண்ணீர் நின்றால் தகரப்பட்டை துருப்பிடித்து, மரப்பிடி உப்பிவிடும்.

எண்ணெயில் வரைகிறவர்கள் எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டித் தகரக் கூரைக் கொட்டகையில் போட்டுவிடாதீர்கள். உலரும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் நனைத்து வையுங்கள்.


கரிக்கட்டை | புதன் இரவு 9.50

மூன்றாம் நிரை அண்ணன் சொன்னபடி நான்கு நாளாகக் கரி மட்டும். பதினேழு படம் ஆயிற்று. பலகையைவிடப் பழைய நாளிதழ்த்தாள் வசதியாக இருக்கிறது, பயமில்லாமல் கை ஓடுகிறது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காறையெலும்பைத் தேடும்போது இரண்டு தோளும் ஒரே மாதிரி வரவில்லை. என் கோடுதான் தப்பு என்று அழித்து அழித்துப் போட்டேன். ஆறாவது படத்தில்தான் எழுந்துபோய் அப்பாவின் தோளைத் தொட்டுப் பார்த்தேன். வலத்தோளில், கழுத்துக்கும் மூட்டுக்கும் நடுவே, தோல் தடித்து ஒரு சின்னத் தலையணைபோல் மேடாக இருக்கிறது. "இது என்ன?" என்றேன். "காண்டாக்கம்பு" என்றார். இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு, மர நிரையிலிருந்து பால் ஸ்டோர் வரை, அந்தக் கம்பை வைத்த இடம். முப்பது வயது வரை அந்தத் தோளில் ஏறி விளையாடிய பிள்ளை நான் என்று சொல்லத் தோன்றுகிறது, அவ்வளவு வயது வரை விளையாடவில்லை என்றாலும். ஒரு நாளும் என் கைக்குத் தட்டுப்படவில்லை.

அந்த மேட்டை எப்படி வரைவது? விளக்கமாக வரைந்தால் கட்டிபோல் இருக்கிறது. விட்டுவிட்டால் வேறு யாருடைய தோளோ.


மூன்றாம் நிரை | புதன் இரவு 10.20

விளக்க வேண்டாம். வெளிச்சம் தோள்மேல் ஓடிவரும்போது அந்த இடத்தில் ஒரு கணம் தடைப்படும், அல்லவா? மேட்டின் ஏறுமுகத்தில் ஒரு வீச்சு, இறங்குமுகத்தில் ஒரு படி இருட்டான வீச்சு. இரண்டுக்கும் நடுவே உள்ள விளிம்பை மட்டும் கூர்மையாக வையுங்கள். சுற்றியுள்ள விளிம்புகளையெல்லாம் கரைத்துவிடுங்கள். கண் தானாக அங்கே போய் நிற்கும். உங்கள் படம் முழுவதிலும் கூர்மையான விளிம்பு நாலைந்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று இந்தத் தோளுக்கு.

(பேனர் ஐயா சொன்ன இரண்டு அங்குலத் தூரிகையாலேயே இதைச் செய்யலாம். ஒப்புக்கொள்கிறேன்.)


தைப்பிங் மழை | வியாழன் மாலை 5.15

அம்மாவின் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டோம். அது சாதாரணக் கேள்வி இல்லை.

நம் ஊரில் ஆணின் வெற்றுடம்பு புதிதா? தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் எத்தனை ஆயிரம் முதுகுகளைப் பார்க்கிறோம். தோட்டத்துக் கோயிலில் முனியாண்டி சட்டை போட்டா நிற்கிறார்? அங்கெல்லாம் கூசாதது, கூடத்துச் சுவரில் கணவரின் மார்பு தொங்கும்போது கூசுகிறது. சாமியின் உடம்பும் காவடி எடுத்த உடம்பும் பெருமை. வேலைசெய்து ஓய்ந்த உடம்பு வறுமையின் அடையாளம் என்று நாமே முடிவுகட்டி வைத்திருக்கிறோம். அம்மா பயப்படுவது நிர்வாணத்துக்கு அல்ல, ஏழ்மை தெரிந்துவிடுமே என்பதற்கு.

1886இல் பிலடெல்பியாவில் தாமஸ் ஈகின்ஸ் என்ற ஓவியர், பெண்களும் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத் துணியை நீக்கிவிட்டார் என்பதற்காகப் பதவி விலக வேண்டியிருந்தது. அது ஒரு வகைக் கூச்சம். எனக்கு அதைவிட உறுத்துவது சார்ஜென்ட் கதை. 1916இல் பாஸ்டனில் ஒரு ஹோட்டலில் லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்த தாமஸ் மெக்கெல்லர் என்ற கறுப்பின இளைஞரை அவர் மாடலாக அழைத்தார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகச் சுவரோவியங்களில் கிரேக்கத் தேவர்களுக்கும் தேவிகளுக்கும் அந்த உடம்புதான் ஆதாரம். ஆனால் சுவரில் ஏறியபோது எல்லாரும் வெள்ளையாகிவிட்டார்கள். மெக்கெல்லரை அவராகவே காட்டும் ஒரு பெரிய எண்ணெய் ஓவியமும் உண்டு. அண்ணாந்த முகம், முழங்கால் மடித்த உடம்பு, அவ்வளவு அழகான பழுப்பு. சார்ஜென்ட் 1925இல் இறக்கும் வரை அது பட்டறையை விட்டு வெளியே போகவில்லை.

பேனர் ஐயா கரைத்த இரண்டு வாளி வெள்ளை அங்கேயும் இருந்திருக்கிறது.


பழைய பேனர்காரன் | வியாழன் இரவு 8.00

டீச்சர், அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.


மூன்றாம் நிரை | வியாழன் இரவு 8.45

வேலைசெய்யும் உடம்பு என்றால் பிரெஞ்சு ஓவியர் கையபோத்தையும் பாருங்கள். 1875இல் அவர் வரைந்த தரை இழைப்பவர்கள். மூன்று ஆண்கள், இடுப்புக்கு மேல் வெற்றுடம்பு, மண்டியிட்டு மரத்தரையை இழைக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சம் எதிரிலிருந்து வந்து முதுகில் வழிகிறது. பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோன் அதை ஏற்கவில்லை. நம் நாட்டில் ஆண் உடம்பைத் தொடர்ந்து வரைந்தவர் கெடாவில் பிறந்த அம்ரோன் ஒமார். சிலாட் என்ற மலாய்த் தற்காப்புக் கலை வீரர்கள் மோதும் அவர் படங்களில் துணியும் தசையும் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். நம் தோட்டத்து ஆளை அந்த அளவு கவனித்து வரைந்த படம் என் கண்ணில் இன்னும் படவில்லை.


கரிக்கட்டை | ஞாயிறு இரவு 10.30

ஏழாவது படம் முடிந்தது. முடிந்தது என்றால், நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், இன்று ஒன்றரை மணி நேரம். டீச்சர் சொன்ன நிறங்கள்தாம். கறுப்புக் குழாயை எடுக்கவே இல்லை. அப்பாவின் தோளில் வெள்ளைத் துண்டு ஒன்றைப் போடச் சொன்னேன். அதை வரைந்தபிறகுதான் தோல் எவ்வளவு ஆழம் என்று புரிந்தது. துண்டே சுத்த வெள்ளை இல்லை, நிழலில் ஊதாவாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் வைக்கும்போது மார்புக்கு நான் இதுவரை கலந்து வந்ததெல்லாம் இரண்டு படி கூடுதல் வெளிச்சம் என்று தெரிந்தது. கழுத்தில் சட்டைக் காலர் விட்டுப்போன கோணமும் இருந்தது. அதற்குக் கீழே நிறம் சட்டென்று மாறுகிறது. இத்தனை படத்திலும் அதை நான் வரைந்ததில்லை.

சிவப்பு சிமெண்ட் தரைதான். தாடைக்கு அடியில் அந்தச் செம்மையை வைத்தவுடன் தலை பலகையிலிருந்து முன்னால் வந்துவிட்டது. முகத்தை மூன்று முறை சுரண்டினேன். அப்பாவின் பழைய உளி ஒன்று கிடைத்தது. "மரத்தில் பட்டை இவ்வளவு எடுத்தால் மண்டோர் சும்மா விடமாட்டார்" என்று தோட்டத்துக் கங்காணியை நினைத்துச் சொன்னார் அப்பா.

இடக்கை சரியாக வரவில்லை. கைலியின் மடிப்புக்குள் கரைத்துவிட்டேன். இது ஏமாற்று என்று மூன்றாம் நிரை அண்ணன் சொல்வார், சொல்லட்டும். பளபளப்பை வைத்தபோது மட்டும் கை நடுங்கியது. ஒரே வைப்பு. தொடவில்லை.

அம்மா பின்கட்டிலிருந்து வந்தவர் அங்கேயே நின்று பார்த்தார். பேனர் ஐயா சொன்ன தூரம். கிட்டே வந்தார், மறுபடியும் பின்னால் போனார். சட்டையைப்பற்றிப் பேசவில்லை. "அந்தப் பக்கத் தோளுக்குத்தான் நான் தினமும் தைலம் தேய்ப்பேன்" என்றார். பிறகு, துண்டு அழுக்காக இருக்கிறதாம், வேறு துண்டு கொடுத்திருப்பாராம்.


மூன்றாம் நிரை | ஞாயிறு இரவு 10.48

இடக்கை ஏமாற்றுதான். படம் போடுங்கள், பார்க்கலாம்.


பழைய பேனர்காரன் | ஞாயிறு இரவு 11.05

காயட்டும் தம்பி, சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். இந்த மழையில் பின்பக்கம் பூஞ்சணம் பிடித்துவிடும். காற்றோட்டமாக, அட்டை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள்.


கரிக்கட்டை | திங்கள் காலை 7.10

சரி ஐயா. படத்தை மாலையில் போடுகிறேன்.

இன்னொரு கேள்வி. அடுத்தது தலை மட்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். பல் செட்டைப் போட்டுக்கொண்டு உட்காரட்டுமா, கழற்றிவிட்டு உட்காரட்டுமா என்று கேட்கிறார். நேற்றே பதில் வேண்டுமாம்.


தைப்பிங் மழை | திங்கள் காலை 7.25

கழற்றச் சொல்லுங்கள். அம்மா பார்ப்பதற்குள் கன்னத்தின் குழியை முதலில் பிடித்துவிடுங்கள்.